துருவைத் தேய்க்கும் முன்: பழைய மிதிவண்டி குறித்து வாசகர் கேள்விகள்

பழைய மிதிவண்டிகளைத் தேடிப் பிடித்துச் சீரமைப்பதும், தம் விருப்பத்துக்கு ஏற்ப மாற்றியமைப்பதும் கோலாலம்பூரிலும் பினாங்கிலும் நம்மவர் சிலருக்கு வார இறுதிப் பொழுதுபோக்காக இருக்கிறது. அது குறித்து வந்த கடிதங்களுக்கு, ஜார்ஜ் டவுனில் இவ்வேலையில் நெடுங்காலமாக ஈடுபட்டு வரும் நம் பகுதியாளர் பதிலளிக்கிறார்.

கேள்வி: என் தாத்தா காப்பாருக்கு அருகில் ஒரு ரப்பர் தோட்டத்தில் கிராணியாக இருந்தார். அவர் ஓட்டிய கறுப்பு ராலே வண்டி சித்தப்பா வீட்டில் கிடந்து, இப்போது என்னிடம் வந்திருக்கிறது. அது எந்த ஆண்டில் செய்யப்பட்டது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? வண்டியின் சட்டத்தில் (ஃபிரேமில்) உள்ள எண்ணை வைத்துத் தேடியும் ஒன்றும் தெளிவாகவில்லை. (கிள்ளான் வாசகர்)

சட்ட எண்ணை மட்டும் நம்பி ஆண்டைச் சொல்ல முற்பட்டால் பெரும்பாலும் குழப்பமே மிஞ்சும். ராலேயின் நாட்டிங்ஹாம் தொழிற்சாலையின் எண் வரிசை பல காலகட்டங்களில் மாறியிருப்பதால், ஒரே எண் இரண்டு வெவ்வேறு காலங்களுக்குப் பொருந்திவிடக்கூடும். ஆகவே முதலில் பின்சக்கரத்தின் நடுவில் உள்ள ஹப்பைத் துணியால் துடைத்துப் பாருங்கள். அது ஸ்டர்மி ஆர்ச்சர் நிறுவனத்தின் மூன்று கியர் ஹப்பாக இருந்தால், அதன் உடலில் ‘ஏ.டபிள்யூ’ என்ற எழுத்துகளுக்கு அருகே சில எண்கள் பொறிக்கப்பட்டிருக்கும். போருக்குப் பிந்தைய ஹப்புகளில் இரண்டு இலக்கம் ஆண்டையும், அதையொட்டிய சிறு எண் மாதத்தையும் குறிக்கும். 55 என்றும் 9 என்றும் இருந்தால், அந்த ஹப் 1955 செப்டம்பரில் செய்யப்பட்டது. வண்டி அதற்குச் சில வாரங்களோ மாதங்களோ கழித்துக் கோக்கப்பட்டிருக்கும். இடையில் யாரேனும் சக்கரத்தை மாற்றியிருந்தால் இந்தக் கணக்கு பொய்த்துவிடும் என்பதால், ரிம், மட்கார்டு, பெடலோடு சுற்றும் பல்சக்கரம் ஆகியவையும் அதே காலத்தவைதாமா என்று ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

பல்சக்கரமே ஒரு முகவரிதான். ராலேயில் கொக்கின் தலை வெட்டப்பட்டிருக்கும், ஹம்பரில் மனித உருவங்கள், ரட்ஜில் விரித்த கை, பி.எஸ்.ஏ.யில் அந்த மூன்று எழுத்துகளே. ஹேண்டில் பாருக்குக் கீழே உள்ள பெயர்ப் பட்டயம் ஒன்றாகவும் பல்சக்கரம் வேறாகவும் இருந்தால் கலப்பு வண்டியோ என்று ஐயப்படலாம். ஆனால் அதையும் அவசரப்பட்டு முடிவுகட்ட வேண்டாம். ஹம்பரை 1932-இலும், ரட்ஜை 1943-இலும், பி.எஸ்.ஏ. மிதிவண்டிப் பிரிவை 1957-இலும் ராலே வாங்கிவிட்டது. 1960-இல் ஹெர்குலிஸ், பிலிப்ஸ் ஆகியவற்றை வைத்திருந்த டி.ஐ. (டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ்) குழுமத்தோடு ராலேயே இணைந்துவிட்டது. எனவே அறுபதுகளின் வண்டிகளில் பெயர் மட்டும் வேறாகவும், உள்ளே இருப்பது ராலே உதிரிப்பாகமாகவும் இருப்பது இயல்பு.

இன்னொன்று: அந்நாளில் மிதிவண்டிக்கும் உரிமம் எடுக்க வேண்டியிருந்தது. மட்கார்டிலோ ஹேண்டில் பார் அருகிலோ சிறிய உலோகத் தகடு ஒட்டிக்கொண்டிருந்தால், அதை அழுக்கு என்று கழற்றி எறிந்துவிடாதீர்கள். ஊரும் ஆண்டும் அதில் இருந்தால், உங்கள் தாத்தா அந்த வண்டியை எங்கே ஓட்டினார் என்பதற்கு அதைவிட நல்ல சான்று கிடைக்காது.

கேள்வி: ஒரு விற்பனையாளர், “இது 1941-இல் ஜப்பானிய வீரர்கள் ஓட்டிவந்த வண்டி” என்று சொல்லி மூன்று மடங்கு விலை கேட்கிறார். நம்பலாமா? (ஈப்போ வாசகர்)

ஜப்பானியப் படை 1941 டிசம்பர் 8-இல் கோத்தா பாருவில் இறங்கி, 1942 பிப்ரவரி 15-இல் சிங்கப்பூரைப் பிடிக்கும்வரை காலாட்படையினரில் பலர் மிதிவண்டியில்தான் வந்தார்கள் என்பதும், டயர் கிழிந்தபின் வெறும் ரிம்மிலேயே ஓட்டினார்கள் என்பதும் உண்மை. உள்ளூர் மக்களிடமிருந்து பறித்த வண்டிகளும் அவற்றில் இருந்தன. ஆனால் குறிப்பிட்ட ஒரு வண்டி அதில் ஒன்று என்று நிறுவ, விற்பவரின் வாய்ச்சொல் போதாது. மேலே சொன்னபடி ஹப்பைப் பாருங்கள். அதில் 53 என்று இருந்தால், அது போர் முடிந்து எட்டு ஆண்டுகளுக்குப் பிறகு பிறந்தது. வண்டிக்கு உரிய விலையைக் கொடுங்கள். கதைக்குத் தனியாகப் பணம் கொடுக்க வேண்டியதில்லை.

கேள்வி: எங்கள் வீடு தஞ்சோங் பூங்காவில், கடலுக்குப் பக்கத்தில் இருக்கிறது. நான் வாங்கிய பழைய ரட்ஜ் வண்டியின் ஹேண்டில் பாரிலும் ரிம்மிலும் துருப்புள்ளிகள். பெயின்ட் மங்கி, தங்கக் கோடுகள் பாதி மறைந்துவிட்டன. எல்லாவற்றையும் சுரண்டிப் புதிதாகப் பவுடர் கோட்டிங் செய்துவிடலாம் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். (பினாங்கு வாசகர்)

நண்பர்கள் நல்லெண்ணத்தில்தான் சொல்கிறார்கள். ஆனால் அந்தப் பேச்சைக் கேட்டு நம் ஊரில் அழிந்த வண்டிகள் அதிகம். பவுடர் கோட்டிங்குக்கு முன் சட்டத்தை மணல் பீய்ச்சித் துடைப்பார்கள். அதன்பின் ஏறும் பூச்சு தடிமனானது. குழாய்கள் சேரும் லக்குகளின் மெல்லிய விளிம்புகள் அதற்குள் மூழ்கிவிடும், மரைகளை மூடிவைக்காவிட்டால் அவையும் அடைபடும். பழைய சூளை எனாமலின் கறுப்பும், கையால் இழுத்த தங்கக் கோடும் போனால் போனதுதான். அவற்றுக்கு மாற்றாக நகல் ஒட்டிகளைப் பெறலாமேயொழிய, அசலை மீட்க முடியாது. பெயின்ட்டில் முக்கால்வாசி நிற்கிறது என்றால் அதை அப்படியே காப்பாற்றுவதுதான் என் முதல் விருப்பம்.

அதற்கு முதலில் மண்ணெண்ணெய் தொட்ட பழந்துணியால் கிரீஸைத் துடைத்து, பின்னர் மிதமான சோப்பு நீரால் கழுவிக் காயவிடுங்கள். மங்கலை நீக்கக் காருக்குப் பயன்படுத்தும் மென்மையான பாலிஷ் போதும். ஆனால் வண்டியின் பெயரும் கோடுகளும் இருக்கும் இடத்தில் அதைத் தேய்க்காதீர்கள், இரண்டே இழுப்பில் தங்கம் துணிக்கு வந்துவிடும். எந்தத் திரவமானாலும் செயின் கவருக்குப் பின்னால், கண்ணுக்குத் தெரியாத ஓரிடத்தில் தொட்டுப் பார்த்த பிறகே முன்பக்கம் வர வேண்டும். தின்னரை அலமாரியிலேயே வைத்திருங்கள். எங்கேனும் உப்புத்தாள் போட்டே ஆக வேண்டும் என்றால் நீர் தொட்டுத் தேய்க்கவும். அக்காலப் பெயின்ட்டில் ஈயம் கலந்திருக்க வாய்ப்புண்டு, உலர்ந்த தூள் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் பறக்கக் கூடாது.

குரோமில் தெரியும் துருப்புள்ளிகள் வேறு கதை. குரோம் பூச்சு மிக மெல்லியது. அதன் நுண்துளைகள் வழியே உப்புக் காற்றின் ஈரம் உள்ளே இறங்கி, கீழே உள்ள இரும்பைத் தின்று, ஊசிமுனைப் புள்ளியாக வெளியே வருகிறது. சமையலறை அலுமினியத் தாளைக் கசக்கி, நீரில் நனைத்து, அழுத்தாமல் சுழற்றித் தேய்த்தால் பழுப்பு நிறச் சேறு வரும். துடைத்தால் அடியில் குரோம் மின்னும். அலுமினியம் குரோமைவிட மென்மையானது என்பதால் கீறல் விழாது. கழற்ற முடிகிற சிறு பாகங்களை ஆக்சாலிக் அமிலம் கலந்த நீரில் ஓரிரவு ஊறவைக்கலாம். அது நஞ்சு; கையுறை, காற்றோட்டம் இரண்டும் வேண்டும், அலுமினியப் பாகங்களை அதில் போடக் கூடாது, எடுத்தபின் ஆப்பச்சோடா கரைத்த நீரில் அலசி உடனே எண்ணெய் தடவ வேண்டும். கழிவறை கழுவும் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை மட்டும் தொடாதீர்கள். துருவோடு குரோமையும் அது கொண்டுபோய்விடும். செதில் செதிலாக உரிந்துவிட்ட குரோமுக்கு மறுபூச்சு ஒன்றே வழி. அப்போதும், பூசுமுன் மெருகிடுபவரிடம் பாகத்தில் பொறித்த எழுத்துகளைத் தேய்த்துவிட வேண்டாம் என்று வாய்விட்டுச் சொல்லுங்கள், சொல்லாவிட்டால் வழவழப்பாக்கித்தான் கொடுப்பார்.

கடலோர வீட்டில் மாதம் ஒருமுறை கார் மெழுகு பூசுவது மேலே சொன்ன அத்தனை பாட்டையும் மிச்சப்படுத்தும்.

கேள்வி: மிதிக்கும்போது ஒவ்வொரு சுற்றுக்கும் ‘டக்’ என்று ஓசை வருகிறது. காட்டர் பின் தேய்ந்துவிட்டது என்கிறார் கடைக்காரர். நானே மாற்ற முயன்றேன். சுத்தியலால் தட்டித் தட்டிப் பின்னின் நுனிதான் நசுங்கியது, பின் அசையவில்லை. (பட்டர்வொர்த் வாசகர்)

தட்டித் தட்டி என்று எழுதியிருக்கிறீர்களே, சிக்கல் அங்கேதான். காட்டர் பின் என்பது கிராங்கையும் (பெடலைத் தாங்கும் இரும்புக் கை) அச்சையும் இறுக்கும் ஓர் ஆப்பு. மெல்ல மெல்லத் தட்டினால் அடியின் விசை நுனியை நசுக்குவதிலேயே செலவாகிறது; ஆப்பு விடுவதில்லை. முதல் நாளே துருநீக்கி எண்ணெயை விட்டு ஊறவையுங்கள். மறுநாள் நட்டை முழுதும் கழற்றாமல், அதன் மேல்விளிம்பு மரையின் நுனியோடு சமமாக வரும்வரை மட்டும் தளர்த்துங்கள். அது மரையைக் காக்கும். பிறகு பின்னின் தலை உள்ளே நுழையும் அளவுள்ள ஓர் இரும்புக் குழாய்த்துண்டை நிமிர்த்தி நிறுத்தி, கிராங்க் அதன்மேல் உட்காருமாறும் குழாய் தரையில் ஊன்றுமாறும் வையுங்கள். இந்த முட்டு இல்லாமல் அடித்தால் அடி முழுவதும் உள்ளே இருக்கும் குண்டுகள் மீதும் அவற்றைத் தாங்கும் கப் மீதும் இறங்கி, அவற்றில் பள்ளம் விழுந்துவிடும். முட்டு சரியாக அமைந்ததும் கனமான சுத்தியலால் ஒரே அடி, நேராக. பெரும்பாலும் அதிலேயே விட்டுவிடும். உங்கள் வண்டியில் நுனி ஏற்கெனவே நசுங்கிவிட்டதால், இதற்கென உள்ள அழுத்தி கிடைத்தால் அதைப் பயன்படுத்துங்கள். அதற்கும் அசையாவிட்டால் துளையிட்டு எடுக்க வேண்டியதுதான், அதைக் கடைசல் பட்டறையில் கொடுத்துவிடுங்கள்.

புதுப் பின் வாங்கும்போது பழையதைக் கையோடு கொண்டுபோங்கள். ராலே குடும்ப வண்டிகளுக்கு 9.5 மில்லிமீட்டர், வேறு சிலவற்றுக்கு 9. அரை மில்லிமீட்டர்தானே என்று சிறியதைப் போட்டால் அதே ‘டக்’ இரண்டே வாரத்தில் திரும்பி வரும். கடையில் வரும் பின்னின் சாய்ந்த முகத்தை அரத்தால் சிறிது சிறிதாகத் தேய்த்துப் பொருத்த வேண்டியிருக்கும். இரண்டு பின்னையும் ஒரே சாய்வில், ஒரே அளவில் தேய்க்காவிட்டால் இரு கிராங்கும் ஒரே நேர்கோட்டில் நிற்காது. பொருத்தும் திசைக்கு ஓர் எளிய சோதனை உண்டு: வலது கிராங்க் முன்னோக்கி இருக்கையில் அதன் நட்டு மேலே இருந்தால், அரைச்சுற்று சுற்றி இடது கிராங்கை முன்னே கொண்டுவரும்போது அதன் நட்டும் மேலே இருக்க வேண்டும். நட்டை முறுக்கிப் பின்னை இழுத்துக்கொள்ளலாம் என்று எண்ணாதீர்கள், மரை பிய்ந்துவிடும். அடித்து உட்கார வைப்பது சுத்தியல். நட்டு அதைக் கழன்று விழாமல் பிடித்துக்கொள்வதற்கு மட்டும். சில கிலோமீட்டர் ஓட்டியபின் முட்டுக் கொடுத்து மீண்டும் ஒருமுறை அடித்து, நட்டை இறுக்குங்கள்.

கிராங்க் கழன்ற நிலையில் அச்சையும் வெளியே எடுத்துவிடுவது புத்திசாலித்தனம். பக்கத்துக்கு 11 வீதம் கால் அங்குலக் குண்டுகள். பழையவற்றைத் திரும்பப் போடாமல் புதியவற்றை வாங்குங்கள், விலை ஒன்றும் பெரிதல்ல.

கேள்வி: 28 அங்குல டயர் என்று கேட்டு வாங்கினேன், ரிம்மில் ஏறவே மறுக்கிறது. (செராஸ் வாசகர்)

கடையில் இப்போது 28 என்று வரும் டயர்களில் பெரும்பாலானவை 622 மில்லிமீட்டர் ரிம்முக்கானவை. உங்கள் பழைய வண்டியின் 28 × 1½ டயருக்கு 635. விட்டத்தில் 13 மில்லிமீட்டர் குறைந்த வளையத்தை எவ்வளவு நெம்பினாலும் ஏற்ற முடியாது. டயரின் பக்கவாட்டில் 635 என்ற எண்ணைப் பார்த்து வாங்குங்கள். இந்தியாவில் இந்த அளவு இன்றும் புழக்கத்தில் இருப்பதால் அங்கிருந்து வருபவை கிடைக்கும்.

கேள்வி: மூன்று கியர் வண்டியில் நடுக் கியரில் எழுந்து மிதிக்கும்போது திடீரென்று பெடல் வெறுமனே சுற்றி, நான் பார்மீது விழப் பார்த்தேன். ஹப்பை மாற்ற வேண்டுமா? (செந்தூல் வாசகர்)

மாற்ற வேண்டாம், பெரும்பாலும் கேபிளின் இழுவையைச் சரிசெய்தாலே போதும். 1936-இல் வந்த இந்த ஏ.டபிள்யூ ஹப்பில் இரண்டாம் கியருக்கும் மூன்றாம் கியருக்கும் நடுவே எதையும் பிடிக்காத ஓர் இடம் இருக்கிறது. கேபிள் தளர்ந்தால் நெம்புகோல் இரண்டைக் காட்டினாலும், உள்ளே அந்த வெற்றிடத்தில் நிற்கும். நெம்புகோலை நடுக் கியரில் வைத்து, வலப்பக்க நட்டில் உள்ள சிறு சாளரத்தின் வழியே பாருங்கள். சங்கிலி பூட்டிய கம்பியின் தோள், அச்சின் நுனியோடு சரியாகச் சமமாக இருக்க வேண்டும். உள்ளே போயிருந்தால் திருகி இறுக்குங்கள். அதன்பிறகும் வழுக்கினால், யாரோ உள்ளே கிரீஸ் அடைத்து வைத்திருக்கலாம். இந்த ஹப்புக்கு வேண்டியது மெல்லிய எண்ணெய். மூடியைத் திறந்து சில சொட்டுகள் விட்டு வந்தால் இன்னும் ஒரு தலைமுறைக்கு ஓடும். அந்நிறுவனம் 2000-இல் தைவானிய நிறுவனம் ஒன்றின் கைக்கு மாறினாலும் மூன்று கியர் ஹப்புகளைத் தொடர்ந்து செய்துவருகிறது, ஆதலால் உதிரிப்பாகத்துக்கும் அஞ்ச வேண்டியதில்லை.

கேள்வி: என் மகனுக்குப் பதினைந்து வயது. பழைய வண்டி ஒன்றை வாங்கித் தன் விருப்பப்படி மாற்றப் போகிறேன் என்கிறான். பாசிக்கல் லாஜாக் (மாற்றியமைத்த மிதிவண்டியில் சாலையில் சீறும்) கூட்டத்தில் சேர்ந்துவிடுவானோ என்று அச்சமாக இருக்கிறது. அனுமதிக்கலாமா? (ஷா ஆலம் தாய் ஒருவர்)

உங்கள் அச்சம் நியாயமானது, அம்மா. 2017 பிப்ரவரியில் ஜொகூர் பாருவில் மாற்றியமைத்த மிதிவண்டிகளில் பின்னிரவில் சாலையில் இருந்த சிறார்கள் எட்டுப் பேர் கார் மோதி உயிரிழந்ததை இந்நாடு மறக்கவில்லை. ஆனால் வண்டியை மாற்றியமைப்பதே குற்றம் என்று தடுத்துவிட்டால், கைவேலையில் ஆர்வமுள்ள பையன் அதை உங்களுக்குத் தெரியாத இடத்தில் செய்வான். நான் உங்கள் இடத்தில் இருந்தால் அனுமதித்து, வீட்டு முன்றிலிலேயே செய்யச் சொல்வேன். ஒரே நிபந்தனை: முன்னும் பின்னும் பிரேக் இல்லாத வண்டி வாசலைத் தாண்டக் கூடாது. லாஜாக்கின் அடையாளமே பிரேக்கைக் கழற்றி, ஹேண்டில் பாரைத் தாழ்த்தி, வயிற்றை இருக்கையில் வைத்துப் படுத்து ஓட்டுவதுதான். பிரேக்கில் விட்டுக்கொடுக்காவிட்டால் அந்தப் பாதையே அடைபட்டுவிடும்.

அவனுக்கும் சில சொற்கள். முழுமையாக நிற்கும் பழைய வண்டியைக் கலைக்காதே, தம்பி; பாதிப் பாகங்கள் இல்லாத வெறும் சட்டம் ஒன்றைத் தேடிப் பிடி. வெட்டாதே, துளையிடாதே, பற்றவைக்காதே. திருகிக் கழற்றித் திரும்பப் பூட்டக்கூடிய மாற்றம் எதையும் தாராளமாகச் செய்: ஹேண்டில் பார், இருக்கை, பெடல், விளக்கு, ஏன், சக்கரங்களையே மாற்று. சக்கரத்தில்தான் கண்ணி அதிகம். பழைய ஆங்கிலேய வண்டிகளில் முன்சக்கரத்துக்கு 32 கம்பிகள், பின்சக்கரத்துக்கு 40. இன்றைய ஹப்புகளில் 32 அல்லது 36 துளைகளே வழக்கம். எனவே துளைகளை எண்ணிப் பாராமல் ஹப்பை மட்டும் வாங்கிவந்து பழைய ரிம்மில் கோக்க முடியாது. பின்பக்கச் சட்டத்தின் இடைவெளியும் சுமார் 110 முதல் 115 மில்லிமீட்டர்தான். இன்றைய 130 அல்லது 135 மில்லிமீட்டர் ஹப்பை வலிந்து திணித்தால் சட்டம் ஒருபக்கமாகக் கோணும். பின்பக்கம் (பெடலைப் பின்னோக்கி மிதித்தால் பிடிக்கும்) கால்பிரேக் ஹப், முன்பக்கம் டிரம் பிரேக் ஹப் என்று இரண்டு சக்கரம் கட்டினால் பிரேக் கேபிள்கள் குறைந்து வண்டி துப்புரவாகத் தெரியும். நண்பர்களிடம் காட்டும் அளவுக்கு அழகு, அம்மா நிம்மதியாக உறங்கும் அளவுக்குப் பாதுகாப்பு.

ஓட்டுமுன் முன் ஃபோர்க்கின் தலைப்பகுதியைக் கழற்றி, தண்டில் வெடிப்பு உண்டா என்று வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். அதில் கோடு தெரிந்தால் அந்த ஃபோர்க் குப்பைக்குத்தான்.

கேள்வி: மழையில் என் ராட் பிரேக் (கேபிளுக்குப் பதில் இரும்புக் கம்பிகளால் இயங்குவது) பிடிக்கவே மாட்டேன் என்கிறது. (புலாவ் தீக்குஸ் வாசகர்)

குரோம் பூசிய எஃகு ரிம்மும் நீரும் சேர்ந்தால் எந்த ரப்பரும் வழுக்கும். அது பழுது அல்ல, அக்கால அமைப்பின் குறை. தோல் முகம் வைத்த பிரேக் கட்டைகள் கிடைத்தால் சற்று மேம்படும். கட்டை இரண்டும் ரிம்மின் உட்புறத்தில் ஒரே நேரத்தில் தொடுகின்றனவா என்று பாருங்கள், ஹப்பிலிருந்து கசியும் எண்ணெய் கம்பி வழியே ரிம்முக்கு இறங்கியிருந்தால் துடையுங்கள். மழையில் முன்கூட்டியே மெல்ல அழுத்தி, ரிம்மின் நீரை வழித்தபிறகு இறுக்கிப் பிடியுங்கள். தெலுக் பஹாங்கிலிருந்து பாலிக் புலாவுக்குப் போகும் மலைச் சாலையில் இந்த வண்டியோடு இறங்க எண்ணியிருந்தால், தயவுசெய்து கைவிடுங்கள்.

கேள்வி: உதிரிப்பாகங்களை எங்கே தேடுவது? இந்தியாவிலிருந்து வாங்கிவந்தால் பொருந்துமா? (பிரிக்பீல்ட்ஸ் வாசகர்)

பினாங்கில் லோரோங் கூலிட் சந்தை, உங்கள் பக்கம் பெட்டாலிங் ஜெயா அம்கோர்ப் மாலின் வார இறுதிப் பழம்பொருள் சந்தை இரண்டையும் பாருங்கள். சீக்கிரம் போகிறவருக்கே நல்லது அகப்படும். சிற்றூர்களில் பழைய மிதிவண்டிக் கடை வைத்திருக்கும் முதியவர்களிடம் பேச்சுக் கொடுத்தால், மேல்மாடியில் காகிதம் பிரிக்காத பெட்டி ஒன்று இருக்கவும் கூடும். சென்னை அம்பத்தூரில் 1949-இல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ் ஹெர்குலிஸ், பிலிப்ஸ், பி.எஸ்.ஏ. பெயர்களில் வண்டி செய்ததால், ஊருக்குப் போகிறவர்கள் அங்கே தேடுவதில் பொருள் உண்டு. டயர், கட்டை, செயின், மணி போன்றவை பொருந்திவிடும். மரை உள்ள பாகங்களில் மட்டும் விழிப்பாக இருங்கள். ராலேயின் அடி அச்சுக் கப்பிலும் முன் ஃபோர்க் தலையிலும் அங்குலத்துக்கு 26 மரை. மற்றவர்கள் பரவலாகப் பின்பற்றியது 24. கையால் இரண்டு சுற்றுக்கு மேல் போகாத கப்பை ஸ்பேனர் போட்டு முறுக்கினால், பாகத்தோடு சட்டத்தையும் இழப்பீர்கள்.

கேள்வி: புரூக்ஸ் தோல் இருக்கையில் வெள்ளைப் பூஞ்சை பிடித்திருக்கிறது. (சுங்கை பட்டாணி வாசகர்)

நிழலில் காற்றாட வைத்து, மென்தூரிகையால் தட்டி, சிறிது வினிகர் கலந்த நீரில் பிழிந்த துணியால் துடைத்து, நன்கு உலர்ந்தபின் தோலுக்கான மெழுகை மெல்லியதாகப் பூசுங்கள். வீட்டில் இருக்கிறதே என்று தேங்காய் எண்ணெயைத் தடவிவிடாதீர்கள்; தோல் இளகி ஏணைபோல் தொங்கிவிடும். தொங்கிய தோலை இழுக்க முன்நுனி நட்டை ஒரு நேரத்தில் கால் சுற்றுக்கு மேல் முறுக்க வேண்டாம். அதற்குள் குறுக்கே வெடிப்பு ஓடியிருந்தால் அந்த இருக்கையில் இனி உட்கார இயலாது, வேறொன்றைப் பூட்டிக்கொள்ளுங்கள்.